எல்லாருக்கும் போதுமான தண்ணீர்

மோர் குடித்து முடித்ததும் அந்தச் சிறையில் சத்தங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். முதலில் தட்டுகள் அடங்கும். அப்புறம் குழாயடி. அப்புறம் மதில்மேல் காக்கைகள்கூட ஏதோ யோசனை வந்த மாதிரி வாயை மூடிக்கொள்ளும். இரண்டாம் பிளாக்குக்குப் பின்னால் வேப்பமர நிழலில் ஆண்கள் வரிசையாகப் படுப்பார்கள். கொலை செய்தவன், செயின் அறுத்தவன், எதுவும் செய்யாமலே உள்ளே வந்தவன், எல்லாருக்கும் ஒரே நிழல். ஒரு காலத்தில் ஸ்பூனைத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கத்தியாக்கிய கைகள் நெஞ்சின்மேல் மடிந்து கிடக்கும்.

மாரிக்கனி நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உளவியல் படித்தவள், இந்தத் திட்டத்தின் ஆய்வு உதவியாளர். யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று கவனிப்பதுதான் அவள் வேலை. கவனிக்க இப்போது எதுவும் இல்லை. வெயில் இலைகளுக்கு நடுவே சொட்டுச் சொட்டாக விழுந்து, படுத்திருப்பவர்களின் முகங்களில் மெதுவாக நகரும். அவ்வளவுதான் நடமாட்டம்.

தூங்கி எழுந்ததும் ஒரு வழக்கம் உண்டு. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவர்களாக வைத்துக்கொண்டது. முதலில் விழித்தவன் தன் கனவைச் சொல்வான். மற்றவர்கள் கேட்பார்கள். சிரிக்கக் கூடாது. "அப்புறம்?" என்று கேட்கக் கூடாது. கனவு எங்கே நிற்கிறதோ அங்கே நின்றுவிட வேண்டும்.

அன்றைக்கு முதலில் விழித்தவர் வெள்ளைப்பாண்டி. வாய்க்கால் தண்ணீர் முறையில் தகராறு வந்து, மண்வெட்டியால் சொந்த அண்ணனை வெட்டியவர். ஆயுள் தண்டனை.

"இன்னிக்கும் தண்ணிதான்," என்றார். குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "எங்க காடு முச்சூடும் தண்ணி. கடலுன்னு சொல்லணும். நான் கடலப் பாத்ததில்ல, ஆனா அது கடலுதான். அண்ணன் முழங்காலளவு தண்ணியில நிக்கிறாரு. கழுத்துல காயம் இல்ல. என்னையப் பாத்து, 'எடுத்துக்கடா, எவ்வளவு வேணுமோ எடுத்துக்க, எல்லாருக்கும் போதும்'ங்கிறாரு. நான் ரெண்டு கையாலயும் அள்ளுறேன். தண்ணி தித்திக்குது."

அவர் நிறுத்திக்கொண்டார். யாரும் அப்புறம் என்று கேட்கவில்லை. நாலைந்து பேர் கண்ணை மூடியபடி தலையாட்டினார்கள். "எனக்கும் தண்ணிதான்," என்றது ஒரு குரல்.

மாரிக்கனிக்கு இந்த நேரம் பிடிக்கும். பிடிக்கிறதே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாகவும் இருக்கும். எரிச்சல் அவளுக்குப் பழகிய விஷயம். அவள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவர்கள் யாரும் கிடையாது. கல்லூரியில் அவளைத் தீக்குச்சி என்றார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள் என்பதற்காக வைத்த பெயர், அவள் குணத்துக்கும் ஒத்துப்போனது. இந்த வேலைக்கு வந்த நேர்காணலில் "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டபோது, "குடிப்பார், எங்கம்மாவ அடிப்பார், மிச்ச நேரத்துல லோடு ஏத்துவார். இப்ப பக்கவாதம் வந்து படுத்திருக்கார். சிலபஸ்ல இருந்து எதாவது கேக்குறீங்களா?" என்றாள். எதிரில் இருந்த டாக்டர் ரகோத்தமன் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கே வேலை கிடைத்தது.

சோமிரான் முதலில் சிறைக்காகக் கண்டுபிடித்த மருந்தே இல்லை. பக்கவாதம் வந்தவர்களின் மூளையில், ரத்தம் போகாமல் செத்துப்போன இடத்தைச் சுற்றி ஒரு கொதிப்பு இருக்கும். அதைத் தணிக்க வந்த மாத்திரை. நோயாளிகளின் வீட்டார்தான் முதலில் கவனித்தார்கள். தட்டை எறிந்துகொண்டிருந்த மனிதர் ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலைக்காரியை நாயே என்று கூப்பிட்டவர் அவளுக்குக் காலை வணக்கம் சொல்கிறார். மருந்து புண்ணைத் தணித்தது, கூடவே கோபத்தையும் தணித்தது. இதைச் சிறையில் கொடுத்தால் என்ன என்று யாரோ கேட்டார்கள். கேட்டவர் ரகோத்தமன்.

ரேகை வைத்துச் சம்மதம் வாங்கினார்கள். மதிய மோரில் கலந்து கொடுத்தார்கள். குடிப்பவனுக்கு வாரம் ஒரு வீடியோ அழைப்பு கூடுதல். கூப்பிட ஆளில்லாத வெள்ளைப்பாண்டியும் குடித்தார்.

"உங்களுக்குப் போன் பண்ண ஆளே இல்லையே, பெறகு எதுக்குக் குடிக்கிறீங்க?" என்று மாரிக்கனி ஒருமுறை கேட்டாள்.

"அண்ணனப் பாக்கத்தான்," என்றார்.

*

கோடை ஏற ஏற, வெள்ளைப்பாண்டி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"வார் அறுந்துருச்சா?"

"இல்ல மேடம். கால் உள்ள போக மாட்டேங்குது."

அவள் குனிந்து பார்த்தாள். பாதம் மெத்தென்று உப்பியிருந்தது. கட்டைவிரலால் அமுக்கி எடுத்தாள். குழி அப்படியே நின்றது, ஈர மண்ணில் பதிந்த மாதிரி.

"ஒண்ணுக்கு எப்படிப் போகுது?"

அவர் கூச்சப்பட்டார். "பொம்பளப் பிள்ளைகிட்ட இதயெல்லாம் சொல்லணுமா?"

"நான் பொம்பளப் பிள்ள இல்ல, ஆபீஸர். சொல்லுங்க."

"சோப்புத் தண்ணி மாதிரி நுரைக்குது. கொஞ்சமாத்தான் வருது." பிறகு ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல மெல்லச் சொன்னார்: "ஆனா கனவுல நெறைய தண்ணி மேடம்."

அந்த வாக்கியம் அவளை விடவில்லை. நிழலில் படுத்திருந்தவர்களை அடுத்தடுத்த நாட்களில் காலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். பொண்டாட்டியைக் கனவில் கண்டவனின் கணுக்கால் எலும்பு எலும்பாகத் தெரிந்தது. ஊர்த் திருவிழாவைக் கண்டவனுக்கும் அப்படியே. மழையை, ஊற்றை, உடைந்த கண்மாயைக் கண்டவர்களுக்குப் பாதம் உப்பியிருந்தது. உள்ளே வெளியேற வழியில்லாமல் தேங்கிக்கொண்டிருந்த தண்ணீர், மதியத் தூக்கத்தில் ஏறி வந்து கடலாக விரிந்துகொண்டிருந்தது. அவர்களோ அதைச் சொர்க்கம் என்று நினைத்துக் கை நிறைய அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"கனவை வச்சு கிட்னி வியாதியைக் கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்கதான்," என்றார் ரகோத்தமன்.

"நக்கல் பண்ணாதீங்க சார். ரத்தம் எடுங்க."

எடுத்தார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. தண்ணீரைக் கனவு கண்டவர்கள் அத்தனை பேருக்கும் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருந்தது. முடிவு வந்த அன்று அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மருந்து உடம்பை விட்டு வெளிய போற வழி சிறுநீரகம். போற போக்குல அதைக் கொஞ்சம் அரிக்கலாம். அறுபது வயசு நோயாளிக்கு இதை யோசிச்சிருக்கோம், தாங்கும்னு முடிவு பண்ணியிருக்கோம்."

"இவங்களுக்கு அறுபது வயசு இல்லையே சார். இவங்களுக்குப் பக்கவாதமும் இல்ல."

"மருந்துதான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க? இந்த ஊர் வெயிலு. போர்த் தண்ணி உப்பு. இங்க வெளிய இருக்கிற விவசாயிங்களுக்கே கிட்னி போகுது." குரலைத் தாழ்த்தினார். "மாரிக்கனி, நீங்க வர்றதுக்கு முன்னாடி இங்க தகரத் தட்டை மடக்கி ஒருத்தன் இன்னொருத்தன் கழுத்துல சொருகிட்டான். நான்தான் ஓடிப்போய்ப் பொத்திப் பிடிச்சேன். இந்த விரலிடுக்குல போயிட்டான். மோர் ஊத்த ஆரம்பிச்சதுக்கப்புறம் ஒரு கீறல் இல்ல. ஒரு கீறல்!"

அவர் விரல்களைப் பார்த்தாள். பொய் சொல்லும் மனிதர் இல்லை அவர். அதுதான் சங்கடம். பொய்யர் என்றால் அவளுக்குச் சண்டை போடத் தெரியும்.

"வெள்ளைப்பாண்டி ஒண்ணு கேட்டார் சார். எங்களுக்கு மோர் ஊத்துறீங்க, லத்தி வச்சிருக்கவங்களுக்கு யாரு ஊத்துறதுன்னு. கோவமே இல்லாம, மழை வருமான்னு கேக்குற மாதிரி கேட்டார்."

ரகோத்தமன் வேறொன்று கேட்டார்.

"உங்கப்பாவும் சோமிரான்தானே சாப்பிடறார்? இவங்களைவிட அதிக நாளா?"

"ஆமா."

"அவர் காலு வீங்கியிருக்கா?"

அப்பாவின் காலை அவள் பார்த்ததே இல்லை. அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்திருந்தாள்.

*

சிறைக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு வீடு எடுத்து அம்மாவையும் அப்பாவையும் கூட்டி வந்து வைத்திருந்தாள். அம்மா பெயர் வேலம்மாள். அப்பா சோலையப்பன் ஒரு காலத்தில் தெருமுனையில் செருமினாலே அடுப்படியில் பாத்திரம் நடுங்கும். இப்போது வலது கையும் காலும் விழுந்து, கட்டிலில் சாய்ந்து, வாசல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்.

"அப்பா, டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கணும்."

"சரி."

"ஊசி வலிக்கும்."

"சரி."

சிரித்துவிடக்கூட முடியும் என்று இருந்தது. அப்பாவைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதே அவளுக்குப் புதிது. வீடே மாறியிருந்தது. அம்மா முன்பு எந்நேரமும் எதையாவது எடுத்து எதையாவது வைத்துக்கொண்டிருப்பாள். இப்போது கொடியில் காயும் சேலை காற்றில் ஆடுவதைப் பார்த்தபடி அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருசம் கழித்து மனுசி ஓய்வு எடுக்கிறாள் என்று மாரிக்கனி நினைத்துக்கொண்டாள். ஒருநாள் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தபோதும் அம்மா பதறவில்லை. "வெள்ளையா எவ்வளவு அழகா வழியுது பாரேன்," என்றாள்.

"அப்பாவுக்கு மாத்திரை ஒழுங்கா குடுக்குறியாம்மா?"

"எல்லாம் குடுத்துட்டுத்தான் இருக்கேன்." அம்மா சேலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேச்சு இன்னும் திரும்பலையே. இந்நேரம் நாலு வார்த்தை வந்திருக்கணும்னு டாக்டர் சொன்னாரு."

"எனக்கொண்ணும் அவசரமில்ல, தாயி."

அப்பாவின் பரிசோதனை முடிவு வந்தது. ஒரு குறையும் இல்லை. "இருபது வயசுப் பையன் கிட்னி மாதிரி இருக்கு," என்றான் ரத்தம் எடுக்க வந்தவன். கட்டிலருகே உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். வற்றிப் போயிருந்தது. எலும்பின்மேல் தோல். அமுக்கினால் குழி விழவில்லை.

அவளுக்குள் ஏதோ தளர்ந்தது. இந்த மருந்து கெட்டதில்லை என்றால் இந்த வீடு இப்படியே இருக்கலாம். செருமல் சத்தம் திரும்பி வராது. சிறையில் கால் வீங்குவதற்கு வெயில் காரணமாக இருக்கட்டும், உப்பு காரணமாக இருக்கட்டும், வேறு என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும்.

அப்படி இருக்கட்டும் என்று தான் ஆசைப்படுகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

*

சென்னையிலிருந்து குழு வந்தது. மோர்த் திட்டத்தை மாநிலத்தின் எல்லாச் சிறைகளுக்கும் கொண்டுபோகலாமா என்று முடிவு செய்யும் குழு. குளிரூட்டிய அறை, முந்திரி, இளநீர். ஜன்னலுக்கு வெளியே வேப்பமர நிழலில் ஆண்கள் படுத்திருப்பது ஓவியம்போலத் தெரிந்தது. வந்தவர்களில் ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

தலைமையில் இருந்த அம்மையார் ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இந்தக் கைதிகளுக்குச் சிறுநீரகப் பாதிப்பு மருந்தாலயா?"

ரகோத்தமன், "உறுதியாச் சொல்ல முடியாது," என்றார். பிறகு மாரிக்கனியைக் காட்டினார். "தினமும் அவங்களோட இருக்கிறது இவங்கதான். இவங்க அப்பாவுக்குப் பக்கவாதம், இதே மருந்துதான் சாப்பிடறார்."

எல்லா முகங்களும் திரும்பின.

"சொல்லும்மா. உங்கப்பா எப்படி இருக்கார்?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெள்ளைப்பாண்டி தூக்கத்தில் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகக் குவித்திருந்தார். அள்ளிக்கொண்டிருக்கிறார்.

"நல்லா இருக்கார் மேடம். டெஸ்ட் எடுத்தோம். கிட்னியில ஒண்ணும் இல்ல."

"அப்போ மருந்துதான் காரணம்னு நீங்க நினைக்கல."

தீக்குச்சி என்று பெயர் வாங்கியவள் அந்த அறையில் நனைந்துபோய் நின்றாள்.

"நினைக்கல," என்றாள்.

*

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் வாசலில் படுத்திருந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அம்மா தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"கனி, இந்த மெட்டியக் கொஞ்சம் கழட்டி விடேன். விரல வெட்டுது. நானும் இழுத்து இழுத்துப் பாத்துட்டேன்."

சோப்பும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். விரலைச் சுற்றி நுரையைத் தேய்த்தாள். மெட்டி அசையவில்லை. வெள்ளி வளையம் சதைக்குள் புதைந்திருந்தது.

"இப்பத்தான் கண்ணசந்தேன்," என்றாள் அம்மா. குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "தீப்பெட்டி ஆபீஸுல தண்ணி புகுந்துருச்சு. குச்சியெல்லாம் மெதக்குது, கோடி குச்சி. ஒண்ணுகூட இனிமே எரியாது. நான் அதுமேல மல்லாந்து படுத்துருக்கேன். காது ரெண்டும் தண்ணிக்குள்ள. ஒரு சத்தம் இல்ல, கனி. அப்படி ஒரு அமைதிய நான் பாத்ததே இல்ல."

மாரிக்கனியின் கை நின்றது.

மெதுவாகக் கட்டைவிரலை அம்மாவின் பாதத்தில் வைத்து அமுக்கினாள். எடுத்தாள். குழி நின்றது. சோப்புத் தண்ணீர் அதில் வழிந்து ஒரு சின்னக் குளம்போலத் தேங்கியது.

"அம்மா."

"ம்."

"அப்பாவோட மாத்திரைய யாரு சாப்பிடுறா?"

அம்மா அவளைப் பார்த்துச் சிரித்தாள். பிடிபட்டுவிட்டோம் என்ற சிரிப்பாக அது இல்லை. இத்தனை நாளும் கேட்காமல் இருந்தாயே என்ற சிரிப்பு.

"மத்த மாத்திரையெல்லாம் அவருக்குத்தான் குடுக்குறேன். நீ சொன்னியே கோவத்த எடுக்குற மாத்திரைன்னு, அது மட்டும் எனக்கு."

"எப்ப இருந்து?"

"மொத வாரத்துல இருந்தே. அவருக்கு சோறு ஊட்டிக்கிட்டு இருந்தேன். கடவாயில ஒழுகுச்சு, தொடச்சு விட்டேன். அந்தக் கை என் மடிமேல கெடந்தது, செத்த பாம்பு மாதிரி. அதையே பாத்துக்கிட்டிருந்தேன். நீ வயித்துல இருக்கும்போது அந்தக் கை என்ன பண்ணுச்சுன்னு ஞாபகம் வந்துச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா வந்துச்சு. இத்தன வருசம் எங்க இருந்துச்சோ தெரியல, மொத்தமா வந்துச்சு." அம்மா மழையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினாள். "அம்மிக் குழவிய எடுத்துட்டேன், கனி. தலைக்கு நேரா தூக்கிட்டேன். அவரு என்னையப் பாத்தாரு. பாத்து, 'சரி'ன்னாரு."

கட்டிலில் அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறாரா, கேட்கிறாரா, தெரியவில்லை.

"குழவியக் கீழ வச்சுட்டு அவரு மாத்திரைய எடுத்து நான் முழுங்கினேன். ஜெயில்ல கொலகாரங்களுக்குக் குடுக்கப்போறாங்கன்னு நீதான சொன்ன. அன்னிக்கு நானும் அதுதான?"

அப்பா ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை. அப்படியென்றால் அவருடைய கோபத்தை எது எடுத்தது? விழுந்து கிடந்த அந்த வலது கையைப் பார்த்தாள். பதில் அங்கேயே கிடந்தது. ஓங்க முடிந்தவரைக்கும்தான் கோபம். ஓங்க முடியாத நாளில் அது "சரி" என்று ஆகிவிட்டது. அந்தக் கோபம் மூளையில் வந்த புண்ணால் வந்ததில்லை, மருந்து ஆற்றுவதற்கு எதுவும் இல்லை. அம்மாவின் கோபமோ அப்படி இல்லை. அதற்கு அத்தனை காரணமும் இருந்தது. அதைத்தான் மருந்து கொடுத்து மூழ்கடித்திருக்கிறார்கள்.

அவளும் சேர்ந்துதான். அந்தக் குளிரூட்டிய அறையில் நின்று.

"ஏன்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ சந்தோசமா இருந்த, தாயி. வீட்டுக்கு வரும்போது சிரிச்சுக்கிட்டு வந்த." அம்மா குழி விழுந்த தன் பாதத்தை அன்பாகப் பார்த்தாள். "மெட்டிய விட்டுரு. கெடந்துட்டுப் போகுது."

*

"எங்கப்பா ஒரு மாத்திரைகூட சாப்பிடல சார்," என்று ரகோத்தமனிடம் சொன்னாள். நடந்ததைச் சொன்னாள். அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவை அவர் மேசைமேல் வைத்தாள். சிறையில் தண்ணீர்க் கனவு கண்ட யாருடைய முடிவுக்கும் அது இளைத்ததில்லை.

அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"அப்போ அவர் ஏன் அமைதியா இருக்கார்?"

"கை விழுந்துருச்சு சார்."

அவர் தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார். "மோரை நிறுத்தினா திரும்பவும் தட்டை மடக்குவாங்க," என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. பயந்துபோன மனிதர் சொல்வதுபோலச் சொன்னார்.

"எதுக்கு மடக்குறாங்கன்னு ஒருதடவை கேட்டுப் பாப்போம் சார். நிழல்ல நாற்காலி போட்டு உக்காந்து இத்தன நாள் கனவுதான் கேட்டேன். அத நான் கேக்கவே இல்ல."

தான் சொன்னது தவறு என்று சென்னைக் குழுவுக்கு அவளே எழுதினாள். மோரில் மருந்து தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அவளுடைய வேலையும் நிறுத்தப்பட்டது. அதற்குத் தற்காலிகம் என்று யாரும் சொல்லவில்லை.

வெள்ளைப்பாண்டியை அரசு மருத்துவமனையில் போய்ப் பார்த்தாள். வாரத்தில் பாதி நாள் அவர் ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுற்றி வந்தது. ஒரு கால் கட்டிலோடு விலங்கிட்டிருந்தது. வீக்கம் வடிந்திருந்ததால் விலங்கு தளர்ந்து தொங்கியது. ஜன்னல் ஓரக் கட்டில். வெளியே வானம் வெள்ளையாக, ஒரு பொட்டு மேகம் இல்லாமல் கிடந்தது.

"அண்ணன் வர்றதில்ல," என்றார் அவளைப் பார்த்ததும். "கண்ண மூடினா காடுதான் வருது. காஞ்சுபோன காடு. அந்த வாய்க்கா. அந்த மண்வெட்டி."

"எனக்கு மொதல்லயே தெரிஞ்சிருந்தும்..." அவள் தொடங்கினாள்.

"தெரிஞ்சும் அங்கன நின்னு இல்லன்னு சொன்னீக. வார்டன் சொன்னாரு." அவர் உட்கார முயன்றார். முகத்தில் ரத்தம் ஏறியது. குரல் இப்போது தூரத்திலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து, மிகப் பக்கத்திலிருந்து வந்தது. "என் கிட்னியும் போச்சு, என் அண்ணனும் போயிட்டாரு. நீங்கள்லாம் படிச்சவங்கதான? இப்பத்தான் எனக்குக் கோவம் வருது. மொதல்ல உங்க மேலதான் வருது. எந்திரிச்சுப் போங்க."

வாசலில் இருந்த காவலர் எட்டிப் பார்த்தார். அவள் ஒன்றுமில்லை என்று கை காட்டினாள். எழுந்து போகவில்லை. "திட்டுங்க," என்றாள். அவர் திட்டினார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டு, கடைசிவரை கேட்டாள். நடுவில் ஒருமுறைகூட அப்புறம் என்று கேட்கவில்லை.

*

அம்மாவின் சிறுநீரகத்தில் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்கள். மெட்டியை மருத்துவமனையில் வெட்டி எடுத்தார்கள். தண்ணீருக்குக் கட்டுப்பாடு. காலையில் ஒரு சொம்பில் ஊற்றி வைத்துவிடுவாள் மாரிக்கனி. நாள் முழுவதும் அம்மாவுக்கு அவ்வளவுதான்.

கனவு நின்ற பிறகு அம்மா கொஞ்ச நாள் வெறுமையாக இருந்தாள். அப்புறம் ஒரு மாலை பால் பொங்கியபோது "ச்சே!" என்றாள். இன்னொரு நாள் பக்கத்து வீட்டுக்காரி கொடியைத் தள்ளிக் கட்டியதற்கு அவளிடம் போய் நியாயம் கேட்டாள். மாரிக்கனி அடுப்படியில் நின்று அம்மிக் குழவியைப் பார்த்தாள். அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரண்மேல் வைக்கலாமா என்று யோசித்தாள். வைக்கவில்லை. அப்பாவின் கட்டிலைத் தன் அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இனி அவருக்குச் சோறு ஊட்டுவது, துடைப்பது எல்லாம் அவள் வேலை. "உனக்கு எதுக்குட்டி?" என்று அம்மா கேட்டதற்கு, "உனக்கு எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டாள்.

மதியம். வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. அம்மா சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு மிடறுதான் இருந்தது.

"நாக்கு வறண்டு சாகுது. இன்னும் ஒரு டம்ளர் குடுட்டி."

"கூடாதும்மா. சாயங்காலம்வரைக்கும் இதுதான்."

உள்ளறைக் கட்டிலிலிருந்து அப்பா, இருவரையும் பார்த்து, வழக்கம்போல, "சரி," என்றார்.

அம்மா திரும்பினாள். சொம்பைக் கீழே வைத்தாள். வாசல் வெளிச்சம் அவள் முகத்தில் பாதியில் விழுந்தது. முப்பது வருசமாக அந்த மனிதரிடம் குரல் உயர்த்தாத வேலம்மாள், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"உன்னைய யாரு கேட்டா?"